வணிக உத்தியில் முதுகலை: வேலையை விடுவதா, வேலையோடு படிப்பதா, வெளிநாடு போவதா?

மாறிவரும் பொருளாதாரத்தில் தொழில் நடத்தும் உத்தியை முதுகலை அளவில் படிக்க விரும்பி விசாரிக்கிறவர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று வழிகளைப் பார்த்து வைத்துவிட்டு எதில் இறங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கேள்வி மூன்று தரப்பிலிருந்து வருகிறது. ஓசூர் தொழிற்சாலைகளில் நான்கைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்ட பொறியாளர்கள் ஒரு தரப்பு. மாங்கூழ், கிரானைட், உதிரிபாகம் என்று குடும்பத் தொழில் உள்ளவர்கள் இன்னொரு தரப்பு. இப்போதுதான் பி.காம்., பி.பி.ஏ. முடித்தவர்கள் மூன்றாவது. மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: முடிவெடுக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பாடம் நன்றாக ஏறும். அந்த இடத்தை விட்டு எழுந்துபோய்ப் படிக்கத் தக்க காரணம் வேண்டும். பட்டத்தின் பெயரில் ‘ஸ்ட்ராட்டஜி’ என்று இருப்பது தக்க காரணம் ஆகாது.

## எதை வைத்து அளப்பது

பாடத்தின் உள்ளடக்கம். ‘ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட்’ என்ற தாள் எல்லா எம்.பி.ஏ.விலும் உண்டு. ஸ்வாட் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்), ஐந்து விசைகள் (ஒரு துறையின் போட்டி அழுத்தங்கள்), பி.சி.ஜி. கட்டம் (எந்தத் தொழிலில் பணம் போடுவது என்று பிரிக்கும் அட்டவணை) ஆகியவை அதில் வரும். ஆட்டத்தின் விதி ஓரளவு நிலையாக இருக்கும் சந்தைக்கு இந்தக் கருவிகள் போதும். நம் மாவட்டங்களில் விதி எத்தனை வேகமாக மாறுகிறது என்று பாருங்கள்.

2023 ஜூனில் மின் இருசக்கர வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம்-2 மானியம் ஒரு கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக இறங்கியது; உச்சவரம்பும் ஆலை விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. 2025 ஜூனில் ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரி மாங்காய் உள்ளே வரத் தடை போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியது. செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இரண்டரை ஆண்டுக்குள் நான்கு மாற்றம். ஒவ்வொன்றும் ஓசூர் உதிரிபாகப் பட்டறையையோ, மாங்கூழ் ஆலையையோ, கிரானைட் ஏற்றுமதியாளரையோ நேராகத் தொடுவது.

இப்படிப்பட்ட இடத்தில் எழும் கேள்வி ‘நம் பலம் பலவீனம் என்ன’ என்பதோடு நிற்காது. பெட்ரோல் வண்டிக்கு கிளட்ச் பாகம் செய்து கொடுக்கும் பட்டறை, ஏழாண்டுக் கடனில் புதிய சி.என்.சி. இயந்திரம் வாங்கலாமா? மின் வண்டியில் பிஸ்டன் இல்லை, கிராங்க் ஷாஃப்ட் இல்லை, புகைபோக்கி இல்லை. பெரும்பாலான வண்டிகளில் கிளட்சும் இல்லை. பிரேக், சேசிஸ், சக்கரம், ஷாக் அப்சார்பர் போன்றவை தொடர்கின்றன. இரண்டு வகைப் பாகமும் செய்யக்கூடிய இயந்திரம் விலை கூடுதல். ஆனால் பாதை மாறும் உரிமையையும் சேர்த்து வாங்கித் தருகிறது. இந்த உரிமைக்கு விலை போடுவதைத்தான் ‘ரியல் ஆப்ஷன்’ என்கிறார்கள். ஆகவே பாடத்திட்டத்தில் கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று தேடுங்கள்:

- கொள்கை மாற்றத்தை முன்வைத்துப் பல எதிர்காலக் காட்சிகளை எழுதிப் பார்க்கும் முறை, அதோடு ரியல் ஆப்ஷன் கணக்கு.
- தர ஆய்வகம், குளிர்பதனக் கிடங்கு, கடன் மதிப்பீடு, விரைவான வழக்குத் தீர்வு போன்றவை இல்லாத சந்தையில் நிறுவனமே அவற்றை எப்படி ஈடுகட்டுகிறது என்ற பாடம். ‘இன்ஸ்டிட்யூஷனல் வாய்ட்ஸ்’ என்ற தலைப்பில் வரும்.
- நாணய மாற்று ஆபத்து. டாலரில் ஆர்டர் எடுத்து ரூபாயில் கூலி கொடுப்பவருக்கு இது இல்லாத உத்திப் பாடம் பாதிப் பாடம்தான்.
- 1986-க்குப் பிந்தைய வியட்நாம், 1991-க்குப் பிந்தைய இந்தியா, 2001-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த சீனா போன்ற நாடுகளின் கேஸ் ஸ்டடிகள். அமெரிக்க நிறுவனங்களின் கேஸ் மட்டும் இருந்தால் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது பொது எம்.பி.ஏ.தான்.

அச்சிட்ட எலெக்டிவ் (விருப்பப் பாட) பட்டியலை நம்பிவிடக் கூடாது. பட்டியலில் முப்பது தாள் இருக்கும். போதிய மாணவர் சேராவிட்டால் நடப்பது ஏழெட்டுதான். போன ஆண்டு எந்த எலெக்டிவ் உண்மையில் நடந்தது என்று இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். கல்லூரி அலுவலகம் சொல்லும் பதில் இதற்கு உதவாது.

உண்மைச் செலவு. கட்டணம் மட்டும் செலவு ஆகாது. கட்டணம், தங்குமிடம், விட்டுப்போகும் சம்பளம், கடன் வட்டி நான்கையும் கூட்ட வேண்டும். மாதம் 30,000 ரூபாய் கையில் வாங்குகிறவர் இரண்டு ஆண்டு வேலையை விட்டால் இழப்பு 7,20,000 ரூபாய். இரண்டு இன்கிரிமென்ட்டும், பி.எஃப்.பில் நிறுவனம் போடும் பங்கும் அதற்கு மேல்.

பக்கத்து இருக்கையில் யார். உத்தி வகுப்பு விவாதத்தில் நடக்கும் பாடம். அறுபது பேரும் கல்லூரி முடித்து நேராக வந்தவர்களாக இருந்தால், விவாதத்துக்கு ஆசிரியர் ஒருவர்தான் சரக்கு.

பட்டத்தின் செல்லுபடி, போக்குவரத்து, பிறகு கிடைக்கும் வேலை. இவற்றை அந்தந்த வழியிலேயே பார்க்கலாம்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: மூன்றாண்டு டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவர் எந்த முதுகலையிலும் சேர முடியாது. இளங்கலைப் பட்டம் முதலில் வேண்டும். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. முடித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | தோராயச் செலவு | சம்பளம் | உத்திப் பாடம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| டான்செட் (தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு) வழி முழுநேர எம்.பி.ஏ. | 2 ஆண்டு | 2–5 லட்சம் | நிற்கும் | ஓரிரு தாள் | நடக்காத எலெக்டிவ், ‘இதர கட்டணம்’ |
| கேட் (CAT, ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வு) வழி முழுநேரம் | 2 ஆண்டு | பெரிய ஐ.ஐ.எம்.களில் 20 லட்சத்துக்கு மேல் | நிற்கும் | ஆழம் அதிகம் | தயாரிப்பு ஆண்டு |
| வார இறுதி எம்.பி.ஏ. | சுமார் 2 ஆண்டு | பத்து லட்சத்தைத் தாண்டும் | தொடரும் | ஆழம் அதிகம் | பயணம், சனிக்கிழமை விடுப்பு |
| தொலைநிலை, ஆன்லைன் | 2–4 ஆண்டு | இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஒரு லட்சத்துக்குள் | தொடரும் | தாள் உண்டு, விவாதம் இல்லை | இழுத்துக்கொண்டே போகும் காலம் |
| பிரிட்டன் ஓராண்டு எம்.எஸ்சி. | 1 ஆண்டு | 35–45 லட்சம் | நிற்கும் | தேர்ந்தெடுத்தால் மிக நேரடி | விசா கூடுதல், வட்டி, சொந்தப் பங்கு |

## டான்செட் எழுதி முழுநேர எம்.பி.ஏ.

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வில் எம்.பி.ஏ.வுக்கு 100 கேள்வி, இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். அதன் மதிப்பெண்ணைக் கொண்டு கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரிகளிலும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் சேரலாம். வீட்டிலிருந்து போய்வர வேண்டுமென்றால் ஓசூரில் அதியமான் பொறியியல் கல்லூரி போன்ற இடங்கள் உண்டு. சேலம், கோவைக்குப் போனால் தேர்வு விரியும். தருமபுரியிலிருந்து சேலத்துக்குத் தினமும் போய்வரலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் 65 கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய முதல் இரண்டு வகுப்பு போச்சு.

இந்த வழி யாருக்கு நல்லது? இளங்கலை முடித்து, வேலை அனுபவம் இல்லாமல், குடும்பத்தில் கடன் வாங்கும் வசதியும் இல்லாதவர்களுக்கு. கணக்கியல், நிதி, சந்தை, மனிதவளம் என்று அடிப்படை நன்றாக விழும். உத்தி வேலைக்கு நேராக யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் வங்கி விற்பனை, காப்பீடு, ஸ்டோர் நிர்வாகம், மனிதவளப் பிரிவுகளுக்கே ஆள் எடுக்கும். ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்ற பலகைக்குக் கீழே எத்தனை பேர், எந்தப் பணிக்கு, கையில் வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று மூன்று எண்ணைக் கேளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதானால் பேருந்து, விடுதி, பயிற்சி, சீருடை, ‘தொழிற்சாலைப் பார்வை’ உட்பட இரண்டாண்டு முழுக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதல் ஆண்டு சொன்ன தொகையும் இரண்டாம் ஆண்டு கேட்கும் தொகையும் வேறாவது பெரும்பாலும் இந்த ‘இதர’ வரிசையில்தான்.

பாடத்தில் உள்ள குறையை ப்ராஜெக்ட்டில் சரிக்கட்டலாம். இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட்டை ‘வாடிக்கையாளர் திருப்தி ஆய்வு’ என்று முடித்துவிடாமல், பர்கூர் கிரானைட் பட்டறைகள் அமெரிக்க வரிக்குப் பிறகு எந்தச் சந்தைக்குத் திரும்பின, ஓசூர் உதிரிபாகக்காரர்கள் எந்த இயந்திரத்தில் முதலீடு செய்கிறார்கள் என்று எடுத்தால், அதுவே நேர்முகத்தில் பேசும் சரக்காகிவிடும்.

## கேட் எழுதி ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி., என்.ஐ.டி.

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கிடைத்தால் போக வேண்டும். உத்தி ஆலோசனை நிறுவனங்களும் பெரிய குழுமங்களின் ‘கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி’ பிரிவுகளும் ஆள் எடுப்பது சில வளாகங்களில் மட்டும்தான். பெங்களூரு ஐ.ஐ.எம். ஓசூரிலிருந்து பக்கம்தான் என்றாலும், அந்தப் பக்கத்துக்கும் சேர்க்கைக்கும் தொடர்பில்லை. ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் தேர்வு. மூன்று பகுதிக்கும் தலா 40 நிமிடம். கேட் மதிப்பெண் ஒரு சேர்க்கைக்கு மட்டும் செல்லும்.

நம் மாவட்டப் பொறியாளர்கள் பலர் கண்டுகொள்ளாமல் விடுவது திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. ஆகிய இரண்டின் எம்.பி.ஏ.வை. இரண்டும் கேட் மதிப்பெண்ணில்தான் சேர்க்கின்றன, பெரிய ஐ.ஐ.எம்.களைவிடக் கட்டணம் குறைவு; உற்பத்தித் துறை நிறுவனங்கள் வருகின்றன. திருச்சியில் 2011 முதல் ஒரு ஐ.ஐ.எம்.மும் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு, தயாரிப்பில் போகும் ஆண்டு. கேட்டுக்காக வேலையை விட்டு வீட்டில் உட்கார்வது எங்கள் பார்வையில் தவறான முடிவு. வேலையோடு ஒரு முறை எழுதிப் பாருங்கள். 80 பெர்சன்டைலைத் தொடவில்லை என்றால் அடுத்த ஆண்டும் அதற்கே ஒதுக்குவதற்கு முன் அடுத்து வரும் இரண்டு வழிகளையும் எடை போடுங்கள்.

## வேலையோடு வார இறுதியில்

ஓசூரில் வேலை, ஐந்தாறு ஆண்டு அனுபவம், அடுத்து மேலாளர் நாற்காலி என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் பி.ஜி.பி.இ.எம். இந்த வகைதான்: வேலை பார்ப்போருக்கான இரண்டாண்டு வார இறுதிப் படிப்பு. சென்னையில் ஐ.ஐ.டி.யின் எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ., திருச்சி ஐ.ஐ.எம். அங்கே நடத்தும் பகுதிநேரப் படிப்பு ஆகியவையும் உண்டு. வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விலை நிர்ணயத்தையோ, மருந்து நிறுவனத்தின் ஆப்பிரிக்க விற்பனையையோ கையில் வைத்திருப்பவர். சனிக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை ஆலையில் வைத்துப் பார்க்கலாம். முழுநேரப் படிப்பில் எவ்வளவு கட்டணம் கட்டினாலும் கிடைக்காதது இது.

எங்கே இடறும்? முதலில் சாலை. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 135. தருமபுரிக்கும் ஓசூருக்கும் ரயில் உண்டு. கிருஷ்ணகிரி நகருக்கு இன்னும் ரயில் நிலையமே இல்லை, பேருந்தோ சொந்த வண்டியோதான். பன்னேர்கட்டா சாலையில் உள்ள வளாகத்துக்கு ஓசூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் சில்க் போர்டு வரை போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். எலெக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் சாலையில் ஏறிவிடலாம். சுங்கம் கூடுதல், ஆனால் நேரம் மிச்சம். சுங்கச் சாவடிகளையும் பெட்ரோலையும் கூட்டிப் பார்த்தால், கிருஷ்ணகிரிக்காரர் இரண்டு ஆண்டும் காரில் போய்வருவதைவிட வெள்ளி இரவு அங்கேயே ஒரு பி.ஜி. விடுதியில் தங்குவது பெரும்பாலும் மலிவாக முடியும். தருமபுரியிலிருந்து ஒவ்வொரு வாரமும் போய்வருவது எங்கள் கணக்கில் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது.

இரண்டாவது, ஷிப்ட். ஓசூர் ஆலைகள் பலவற்றில் சனிக்கிழமை வேலை நாள். சேர்வதற்கு முன் பிளான்ட் ஹெட்டிடமும் எச்.ஆரிடமும் சனிக்கிழமைக்கு எழுத்தில் அனுமதி வாங்காவிட்டால், முதல் பருவத்திலேயே வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுத முடியாமல் போகும். குழு வேலைகள் வார நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆன்லைனில் நடக்கும். ‘சி’ (இரவு) ஷிப்டில் இருப்பவர் அதில் தொடர்ந்து காணாமல் போனால் குழு மதிப்பெண் அவரையும் இழுத்துவிடும்.

மூன்றாவது, நிறுவனம் கட்டணத்தில் பங்கு கொடுத்தால் பத்திரம் கேட்கும். படித்து முடித்த பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொகையைத் திருப்ப வேண்டும் என்பது வழக்கம். திருப்புவது முழுத் தொகையா, மீதமுள்ள மாதங்களுக்கான விகிதமா என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. ஆறு மாத, பதினோரு மாத ‘எக்ஸிக்யூட்டிவ் சர்ட்டிபிகேட் இன் ஸ்ட்ராட்டஜி’ வகுப்புகளைக் கல்விச் செயலி நிறுவனங்கள் விடாமல் போன் செய்து விற்கின்றன. பெரிய நிறுவனத்தின் முத்திரை சான்றிதழில் இருக்கலாம். ஆனால் அது முதுகலைப் பட்டம் அல்ல. ஓராண்டுக்குக் குறைவான இந்த வகுப்புகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. ‘வட்டியில்லாத் தவணை’ என்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

## தொலைநிலை, ஆன்லைன்

இக்னோ எம்.பி.ஏ.வுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு. ஜனவரி, ஜூலை என இரு சேர்க்கை. ஜூன், டிசம்பரில் தேர்வு. அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. உத்தி மேலாண்மை, உயர்நிலை உத்தி மேலாண்மை, பன்னாட்டு வணிகம் மூன்றும் பாடத்தில் இருக்கின்றன. தாள்களின் எண்ணிக்கையில் பார்த்தால் பல முழுநேரக் கல்லூரிகளைவிடக் குறைவில்லை; இல்லாதது விவாதம்.

இந்த வழி தோற்பது பாடத்தின் கடினத்தால் அல்ல, நாள்காட்டியால். அசைன்மென்ட் கடைசித் தேதியைத் தவறவிடுவது, அடுத்த பருவத்துக்கு மறுபதிவு செய்ய மறப்பது, ப்ராஜெக்ட் முன்மொழிவைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளுவது. இந்த மூன்றும் சேர்ந்தால் இரண்டாண்டுப் படிப்பு நான்காகிவிடும். சேர்ந்த அன்றே அலைபேசியில் நான்கு பருவத்துக்கும் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

மற்ற பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கு முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) இணையதளத்தில், நீங்கள் சேரும் அதே பருவத்துக்கு அந்தப் படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போன ஆண்டு இருந்தது என்பது இந்த ஆண்டுக்குச் செல்லாது. இப்போது சேர்க்கைக்கு டி.இ.பி. ஐ.டி. எண்ணும் மாணவரே எடுக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ‘ஒரே ஆண்டில் எம்.பி.ஏ., தேர்வு இங்கேயே’ என்று பலகை வைத்திருப்பவர்களிடம் போக வேண்டாம். தொலைநிலைப் படிப்பை இப்படி ஏஜென்சிக்கு விட யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை, முன்தேதியிட்ட சான்றிதழ் எந்தச் சரிபார்ப்பிலும் நிற்காது.

குடும்பத் தொழிலில் இருப்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். மாங்காய் சீசனில் ஆலையை விட்டு நகர முடியாதவருக்கு வகுப்புக்குப் போகும் எந்த வழியும் ஒத்துவராது. வேலை தேடாதவருக்கு வளாகத்தின் பெயரும் தேவையில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை ஏற்றுமதி ஆவணம், அந்நியச் செலாவணி முன்பேரம் போன்ற குறுகிய பயிற்சிக்குச் செலவிடலாம்.

## வெளிநாடு

மாறிவரும் பொருளாதாரங்களுக்கான வணிக உத்தி என்ற தலைப்பையே மையமாகக் கொண்ட ஓராண்டு எம்.எஸ்சி.க்கள் பெரும்பாலும் பிரிட்டனில்தான் கிடைக்கின்றன. பாடத்தின் நேரடித் தன்மையில் இதற்கு இணை உள்ளூரில் குறைவு. வகுப்பில் நைஜீரியர், வியட்நாமியர், துருக்கியர் எல்லாம் இருப்பார்கள். ஒப்பீடு புத்தகத்தில் மட்டும் நடக்காது.

கணக்கைப் பார்ப்போம். லண்டனுக்கு வெளியே, கட்டணம் 22,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வாழ்க்கைச் செலவுக்கு விசா கேட்கும் தொகை மாதம் 1,171 பவுண்டு, ஒன்பது மாதத்துக்கு 10,539. ஓராண்டுப் படிப்புக்கு விசா ஓராண்டைத் தாண்டி நீள்வதால் மருத்துவக் கூடுதல் கட்டணம் ஒன்றரை ஆண்டுக்கு, 1,164. மொத்தம் 33,703 பவுண்டு. பவுண்டுக்கு 115 ரூபாய் என்றாலே 38.8 லட்சம். விமானம், விசாக் கட்டணம், குளிர் உடை தனி.

விசாவில் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் 28 நாள் விதி. பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் மறுப்பு. கணக்கு மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா கணக்கில் எவ்வளவு இருந்தாலும் செல்லாது. சீட்டுப் பணமும் நகையும் கணக்கில் வராது. வங்கியின் கல்விக் கடன் ஒப்புதல் கடிதம் இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

படித்த பிறகு? 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு கிராஜுவேட் விசா (படிப்புக்குப் பின் தங்கி வேலை பார்க்க உதவுவது) இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகிறது. அதற்கும் மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்ட வேண்டும். அதன்பின் தங்க வேண்டுமானால் ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் வேண்டும். 2025 ஜூலை முதல் பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு, புதிதாக வருவோருக்கு 33,400. பெரிய நிறுவனங்களின் பட்டதாரித் திட்டங்களுக்கு செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் விண்ணப்பிக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் போய் இறங்கி, அறை தேடி, குளிருக்குப் பழகுவதற்குள் அந்தக் கதவு பாதி மூடிவிடும். ஆகவே பயோடேட்டாவையும் விண்ணப்பங்களையும் ஊரிலிருக்கும் ஜூலை, ஆகஸ்டிலேயே தயார் செய்ய வேண்டும். ஓராண்டு எம்.எஸ்சி.யில் இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் இல்லை. கோடை முழுக்க ஆய்வேட்டுக்குப் போகும்.

பட்டம் இங்கே செல்லுமா என்ற பழைய கவலை ஓரளவு தீர்ந்தது: 2022 ஜூலையில் இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தத்தில் ஓராண்டு முதுகலைக்கு ஏற்பு கிடைத்தது. ஆனாலும் கல்லூரி ஆசிரியர் வேலை நோக்கம் என்றால் இணைத்தகுதிச் சான்றிதழும் நெட் போன்ற தகுதித் தேர்வும் வேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. மாதாமாதம் மட்டும் பணம் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். பி.இ. படித்தவர்கள் கவனிக்க: மேலாண்மை முதுகலைகள் பல, இளங்கலையில் வணிகம், பொருளாதாரத்தில் குறிப்பிட்ட கிரெடிட் கேட்கின்றன. மெக்கானிக்கல் பட்டத்தோடு விண்ணப்பித்தால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் நிராகரிப்புதான். பி.காம்.காரர்களுக்கு இங்கே வாய்ப்பு அதிகம். ஜெர்மன் மொழி இல்லாமல் உத்திப் பிரிவில் வேலை கிடைப்பது அரிது.

## கடன் வாங்கும் இடத்தில்

வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம்; அதற்கு மேல் வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவில் 15 சதவீதம் சொந்தப் பங்கு. மேலே போட்ட 38.8 லட்சத்தில் அது 5.8 லட்சம். பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் தரவரிசையில் உள்ள இந்திய நிறுவனங்களுக்கு ஈடு இல்லாமல் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. வெளிநாட்டுக்கு இது பொருந்தாது.

நிலம் நிறைய இருக்கிறது, ஈட்டுக்கு என்ன குறை என்று நினைக்கும் குடும்பங்களுக்குத்தான் இங்கே ஏமாற்றம். விவசாய நிலத்தை, வாராக்கடனை வசூலிக்கும் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி கைப்பற்ற முடியாது என்பதால், பத்து ஏக்கர் மாந்தோப்பைக் காட்டினாலும் பல வங்கிகள் ஏற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற மனையோ, வரைபட அனுமதியுள்ள வீடோ கேட்பார்கள். 30 ஆண்டு வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திரம் ஒப்படைப்புப் பதிவுச் செலவு எல்லாம் உங்கள் கைக்காசு. இதற்கே ஒன்றரை மாதம் பிடிக்கும்.

30 லட்சம், 11 சதவீதம், 15 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 34,100 ரூபாய். ஆனால் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கட்டாமல் விட்டால் வட்டி சேர்ந்து அசல் 36.6 லட்சமாகி, தவணை 41,600 ஆகும். ஓசூரிலேயே திரும்பி வந்து வேலை பார்க்கும் திட்டமென்றால் இந்தத் தவணையைத் தாங்கும் சம்பளம் எந்த நாற்காலிக்கு இருக்கிறது என்று இப்போதே விசாரியுங்கள். சொந்தப் பணம் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் வங்கி டி.சி.எஸ். (அனுப்பும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கும், ரிட்டர்னில் திரும்பப் பெறலாம். கல்விக் கடனாக அனுப்பும் பணத்துக்கு இது இல்லை.

## யாருக்கு எது

ஆலையில் ஐந்தாண்டு ஆகி, சனிக்கிழமை அனுமதி கிடைக்கும், ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ குடியிருப்பு என்றால் வார இறுதிப் படிப்பு. அனுமதி கிடைக்காது, அல்லது தருமபுரியிலோ அதைத் தாண்டியோ வீடு என்றால் இக்னோ. குடும்பத் தொழில் என்றால் இக்னோ. ஏற்றுமதியில் புதிய நாட்டுக்குள் நுழையும் திட்டம் கையில் இருந்து, பணமும் கடனில்லாமல் இருந்தால் மட்டும் பிரிட்டன். புதிதாகப் பட்டம் வாங்கியவர் கேட் ஒரு முறை, டான்செட் ஒரு முறை எழுதட்டும்; இரண்டும் சரியாக அமையாவிட்டால் இரண்டு ஆண்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்புவது நல்லது. நிறுவனத்தைவிட நாட்டின் பொருளாதாரத்தில்தான் ஈடுபாடு என்று தெரிந்தால் எம்.பி.ஏ.வே வேண்டாம், எம்.ஏ. பொருளாதாரத்தைப் பாருங்கள், செலவும் குறைவு.

கடன் வாங்கி, வேலையை விட்டு, அனுபவமும் இல்லாமல் வெளிநாட்டு ‘ஸ்ட்ராட்டஜி’ எம்.எஸ்சி.க்குப் போவதை மட்டும் நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

## தேதிகள்

கேட் பதிவு ஆகஸ்ட், செப்டம்பரில். டான்செட் விண்ணப்பம் ஆண்டின் தொடக்கத்தில், தேர்வு பெரும்பாலும் மார்ச்சில். ஜெர்மன் குளிர்காலப் பருவத்துக்கு மே 31 அல்லது ஜூலை 15 கடைசி நாள் என்று வைத்துக்கொண்டு ஏ.பி.எஸ்.ஸுக்கு அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டன் செப்டம்பர் சேர்க்கை என்றால் 28 நாள் கணக்கு ஜூன் கடைசிக்குள் தொடங்கியாக வேண்டும். மாங்காய் சீசன் பணத்தை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது. கூழ் ஆலைக்குப் போட்ட சரக்குக்குப் பணம் அப்போது வந்திருக்காது. அவர்கள் ஜனவரி சேர்க்கை உள்ள பல்கலைக்கழகங்களைப் பார்க்கலாம். ஆனால் எல்லாப் படிப்பும் ஜனவரியில் தொடங்குவதில்லை. விரும்பிய எலெக்டிவ் அந்தப் பருவத்தில் நடக்குமா என்பதையும் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.